கூண்டுவண்டியில் கலிபோர்னியா: 1846-இல் புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வழியில் நான் மாட்டுவண்டி ஓட்டிப் போனதில்லை. அதனால் வழிகாட்டி எழுத எனக்குத் தகுதியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1845-இல் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்வோருக்காகவே ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்ட லான்ஸ்ஃபோர்டு ஹேஸ்டிங்ஸ் என்ற வக்கீலும், அதில் தான் சிபாரிசு செய்த குறுக்குவழியில் அதுவரை கால் வைத்ததில்லை. எனக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம்தான்: நான் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

பயணம் இதுதான். மிசௌரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் ஊரில் மாடு பூட்டினால், புல்வெளி, ராக்கி மலை, உப்புப் பாலை, கடைசியாகச் சியரா நெவாடா மலை எல்லாவற்றையும் தாண்டி சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் இறங்கும்வரை ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம். வழித்துணைக்கு உங்களோடு டானர் குழுவினரை அனுப்புகிறேன். 87 பேர். இந்த வழியில் எதையெல்லாம் தப்பாகச் செய்ய முடியுமோ அதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்து பார்த்து, பின்னால் வருகிறவர்களுக்கு வேலையைச் சுலபமாக்கிவிட்டுப் போனவர்கள். முட்டாள்கள் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் நிலபுலம் உள்ள, நாலு எழுத்துப் படித்த, வழிகாட்டிப் புத்தகம் வாங்கிப் படித்த ஆட்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

முதல் படி: நாள் பார்த்துக் கிளம்புங்கள்

பஞ்சாங்கம் வேண்டாம், புல்லைப் பாருங்கள். ஏப்ரல் பாதியில் கிளம்பினால் தரையில் புல் முளைத்திருக்காது, மாடு பட்டினி. ஜூனில் கிளம்பினால் முன்னால் போன ஆயிரம் மாடுகள் மேய்ந்துவிட்டுப் போன கட்டாந்தரைதான் உங்களுக்கு. ஏப்ரல் கடைசியிலிருந்து மே பாதிக்குள் புறப்பட்டுவிட வேண்டும். ஜூலை 4 அன்று வயோமிங்கில் இண்டிபெண்டன்ஸ் பாறை என்ற கருங்கல் குன்றின் பக்கத்தில் இருந்தால் கணக்கு சரி. அதில் பேர் செதுக்கிவிட்டுப் போவது வழக்கம். ஊருக்கு ஊர் பாறையில் பேர் எழுதும் புத்தி நமக்கு மட்டும் உரியதல்ல.

இப்போது ஒரு சின்ன கூட்டல் கழித்தல். நல்ல நாளில் மாட்டுவண்டி 24 கிலோமீட்டர் போகும். 3,200-க்கு 133 நாள். டானர் குழுவின் முக்கியமான குடும்பங்கள் இண்டிபெண்டன்ஸிலிருந்து கிளம்பியது 1846 மே 12. எந்தத் தடங்கலும் இல்லாமல் போனால் செப்டம்பர் 22 வாக்கில் ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். சியரா மலையில் கணவாயை அடைக்கிற பனி வழக்கமாக நவம்பர் நடுவில்தான் விழும். அந்த வருஷம் அக்டோபர் கடைசியிலேயே விழுந்துவிட்டது. அப்படியும் கையிருப்பு ஏறக்குறைய 40 நாள். இந்த 40 நாள்தான் உங்கள் மொத்தச் சொத்து. வண்டியில் இருக்கிற மற்றதெல்லாம் எப்படியும் பாலைவனத்தில் கிடக்கப்போகிற சாமான்.

இன்னொன்று: அவர்கள் புறப்பட்ட மறுநாள், மே 13 அன்று, அமெரிக்கா மெக்சிகோ மீது போர் அறிவித்தது. கலிபோர்னியா அன்றைக்கு மெக்சிகோவின் நிலம். இவர்களுக்கு வரப்போகிற சங்கடங்களைப் பார்க்கும்போது, ஒரு போருக்குள் வண்டி ஓட்டிக்கொண்டு போனது பேச்சுக்கே வராத அளவுக்குச் சின்ன விஷயம்.

தாமதமாகக் கிளம்பிவிட்டீர்களா? அடுத்த வருஷம் போங்கள். 1856-இல் மோர்மன் என்ற மதப்பிரிவுக் குடியேறிகளின் இரண்டு குழுக்கள் கைவண்டிகளை இழுத்துக்கொண்டு கோடை முற்றியபின் கிளம்பின. இந்த வருஷம் வேண்டாம் என்று வழி தெரிந்த ஒருவர் அழுதுகொண்டே சொன்னார். நம்பிக்கை குறைந்தவர் என்று அவரை அடக்கிவிட்டார்கள். வயோமிங் பனியில் 200-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சொன்னவரும் கூடவே நடந்தார், பிழைத்தார்.

இரண்டாம் படி: வண்டி

நம்மூர் கூண்டுவண்டியைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். அதே வளைந்த கூண்டு, ஓலைக்குப் பதில் எண்ணெய் தடவிய கித்தான், இரண்டு சக்கரத்துக்குப் பதில் நாலு. பெட்டி மூன்று மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலம். ஒரு டன் பாரம் ஏற்றலாம். அதில் உட்கார்ந்து போகலாம் என்று கனவு காணாதீர்கள், நடந்துதான் போக வேண்டும். வண்டிக்கு வில் கிடையாது. காலையில் கறந்த பாலை மூடிபோட்ட வாளியில் ஊற்றி வண்டியில் தொங்கவிட்டால் மாலைக்குள் வெண்ணெய் திரண்டிருக்கும், மத்தே தேவையில்லை. உள்ளே உட்கார்ந்தால் உங்களுக்கும் அதேதான் நடக்கும்.

குதிரை வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் காய்ந்த புல்லைத் தின்று பாரம் இழுக்காது. எருதுகள் மெதுவாகப் போகும், விலை குறைவு, கிடைத்ததைத் தின்னும், கடைசியில் அவற்றையே தின்னவும் செய்யலாம். இந்தக் கடைசிக் குணத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மரச் சக்கரம் வறண்ட காற்றில் சுருங்கும், இரும்புப் பட்டா கழன்று விழும். ஆறு வந்தால் ராத்திரி சக்கரத்தைக் கழற்றித் தண்ணீரில் ஊறப்போடுங்கள். வண்டி மை ஒரு வாளி கட்டாயம். உதிரி அச்சு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் செதுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால், ஜார்ஜ் டானர் கடைசி மலைக்குப் பக்கத்தில் முறிந்த அச்சுக்கு மாற்றாக மரம் செதுக்கும்போது உளி தவறிக் கையைக் கிழித்துக்கொண்டார். சின்னக் காயம். அது அழுகியது. கூட்டத்துக்குத் தலைவர் அவர். அந்தப் பனிக்காலம் முழுக்க ஒற்றைக் கையோடு படுத்துக் கிடந்து செத்தார்.

சொகுசு வேண்டும் என்பவர்களுக்கு அதே குழுவில் வந்த ஜேம்ஸ் ரீட் கதை. மனைவிக்கு உடம்பு சரியில்லை, மாமியாருக்குக் காசநோய் முற்றியிருந்தது, எழுபது வயது. அவர்களுக்காக மனிதர் மாடி வைத்த வண்டியே கட்டினார். உள்ளே இரும்பு அடுப்பு, மெத்தை வைத்த வில் இருக்கை, தூங்கப் பலகைக்கட்டில். மாமியார் மே மாதக் கடைசியில், கான்சாஸில், பயணம் தொடங்கி மூன்று வாரத்துக்குள் இறந்துபோனார். அவருக்கு ஒழுங்கான சவப்பெட்டி, கல்லறை, ஓக் மரத்து நிழல், துக்கத்துக்குக் கூடிய கூட்டம் எல்லாம் அமைந்தன. கொடுத்துவைத்தவர். வண்டி மட்டும் அவர் இல்லாமலே உப்புப் பாலைவரை போய் அங்கே புதைந்தது.

மூன்றாம் படி: கட்டுச்சோறு

ஹேஸ்டிங்ஸ் புத்தகத்திலேயே இதற்குப் பட்டியல் உண்டு, அது சரியான பட்டியலும்கூட. தலைக்கு 90 கிலோ மாவு, 68 கிலோ பன்றி உப்புக்கண்டம், நாலரைக் கிலோ காப்பிக்கொட்டை, 9 கிலோ சர்க்கரை, நாலரைக் கிலோ உப்பு. நான் இதோடு உலர்ந்த பழம், ஊறுகாய், வினிகர் சேர்ப்பேன். இல்லையென்றால் ஈறு வீங்கிப் பல் ஆடும். பல்லுக்கு வேலை பின்னால் நிறைய இருக்கிறது, மாட்டுத்தோல் மென்று பார்த்தவர்களைக் கேளுங்கள்.

புல்வெளியில் விறகு கிடையாது. பைசன் என்கிற காட்டு மாட்டின் காய்ந்த சாணத்தைப் பொறுக்கி எரிப்பார்கள். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் முதல் வாரம் அதைக் கையுறை போட்டுத் தொட்டார்கள், மூன்றாம் வாரம் முந்தானையில் அள்ளினார்கள் என்று ஒரு கேலிப்பேச்சு உண்டு. வரட்டி தட்டிய வம்சத்துக்கு இது ஒரு செய்தியே இல்லை. தட்ட வேண்டிய வேலைகூட மிச்சம்.

அதிகம் எடுத்துக்கொண்டு போவதும் தப்புதான். 1849-இல் தங்கம் தேடி ஓடிய கூட்டம் லாரமி கோட்டைப் பக்கம் வருவதற்குள் மாடுகள் தள்ளாடிவிட்டதால் உப்புக்கண்டத்தை விறகுக்கட்டு மாதிரி அடுக்கிவைத்துவிட்டுப் போனது.

நாலாம் படி: தண்ணீரும் துப்பாக்கியும்

இரண்டையும் சேர்த்து முடித்துவிடலாம், ஏனென்றால் இந்தத் தடத்தில் அதிகம் பேரைக் கொன்றது தண்ணீர், அதிகம் பேர் பயந்தது துப்பாக்கிக்கு.

தடம் பிளாட் ஆற்றை ஒட்டியே பல நூறு கிலோமீட்டர் போகும். கலங்கல் தண்ணீர். கொதிக்க வைத்துக் காப்பி போட்டுக் குடியுங்கள். 1849-க்குப் பிறகு போவதானால் வாந்திபேதி உங்களோடு வண்டியேறி வரும். கரையில் ஆழமில்லாத ஊற்றுத் தோண்டி, அதற்கு நாலடி தள்ளி வெளிக்குப் போய், மறுநாள் அடுத்த கூட்டமும் அதே இடத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று அன்றைய வைத்தியம் அறியவில்லை. காலைக் காப்பிக்கு இருந்தவர் இரவுச் சாப்பாட்டுக்கு இல்லை. ஆற்றைக் கடக்கும்போது மூழ்கியவர்கள், ஓடும் வண்டியின் ஏர்க்காலிலிருந்து சறுக்கிச் சக்கரத்தடியில் போன குழந்தைகள் தனிக் கணக்கு.

செவ்விந்தியர் தாக்குவார்கள் என்று ஒவ்வொரு வண்டியிலும் ஆயுதக் கிடங்கே போகும். 1840 முதல் 1860 வரை பழங்குடிகள் கையால் செத்த குடிபெயர்வோர் 362 பேர், குடிபெயர்வோர் கையால் செத்த பழங்குடிகள் 426 பேர் என்பது ஒரு வரலாற்றாய்வாளர் போட்ட கணக்கு. இருபது வருஷத்துக்கு. தன் துப்பாக்கியைத் தானே வண்டியிலிருந்து குழல்பக்கம் பிடித்து இழுத்துச் செத்தவர்கள் இதில் சேர்த்தி இல்லை. டானர் குழுவிலும் ஒருவர் மலையடிவாரத்தில், சகலை கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்துச் செத்தார். ராத்திரி வண்டிகளை வட்டமாக நிறுத்துவது எதற்கு என்றால், முக்கியமாக மாடு ஓடிப்போகாமல் இருக்க.

ஐந்தாம் படி: குறுக்குவழி

மற்றப் படிகளை மறந்தாலும் பரவாயில்லை, இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

குறுக்குவழி விற்பவர்கள் மூன்று வகை. தனக்கே தெரியாமல் விற்பவர், தெரிந்தே விற்பவர், கடை வைத்திருப்பவர். 1845-இல் ஓரிகனில் ஸ்டீபன் மீக் என்பவர் ஆயிரம் பேரை ஒரு சுருக்கு வழியில் திருப்பினார். வறண்ட பாலையில் வழி தொலைந்து, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்து, மிச்சப்பேர் மீக்கைத் தூக்கில் போடக் கயிறு தேடியபோது அவர் தப்பி ஓடினார். ஓடுவதற்கு மட்டும் அவருக்கு வழி தெரிந்திருந்தது. 1849-இல் இன்னொரு கூட்டம் யாரோ காட்டிய வரைபடத்தை நம்பி, வழி தெரிந்த தலைவரை விட்டுப் பிரிந்து, ஒரு பள்ளத்தாக்கில் போய் மாட்டிக்கொண்டது. அதற்கு அவர்கள் வைத்த பேர்தான் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது: மரணப் பள்ளத்தாக்கு.

ஹேஸ்டிங்ஸ் கதை விரிவாகச் சொல்ல வேண்டியது. வழக்கமான தடம் வடமேற்கே ஹால் கோட்டைவரை ஏறி, பிறகு தென்மேற்கே இறங்கும். வரைபடத்தில் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் தோன்றும், நேராகவே போனால் என்ன என்று. ஹேஸ்டிங்ஸுக்கும் தோன்றியது. உப்பு ஏரிக்குத் தெற்கே நேராகப் போவதுதான் கிட்டத்து வழி என்று புத்தகத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதிவைத்தார். அந்த வாக்கியத்துக்கு ஏறக்குறைய 40 உயிர் விலை. எழுதின அடுத்த வருஷம், 1846 வசந்தத்தில்தான், அந்த வழியில் முதல்முறையாகப் போனார். அதுவும் எதிர்த்திசையில், குதிரைமேல், வண்டி இல்லாமல்.

அவரோடு கூட வந்தவர் ஜேம்ஸ் கிளைமன் என்கிற, மலைகளில் திரிந்த வேட்டைக்காரர். அந்தக் கிளைமன் ஜூன் கடைசியில் லாரமி கோட்டையில் ஜேம்ஸ் ரீட்டைப் பார்க்கிறார். பழைய பழக்கம், ஒரு சண்டையில் ஒரே படைப்பிரிவில் இருந்தவர்கள். அதே பிரிவில் ஆபிரகாம் லிங்கன் என்று ஒரு நெட்டையரும் இருந்தார், அது வேறு கதை. கிளைமன் ராத்திரி உட்கார்ந்து சொல்கிறார்: வழக்கமான வண்டித்தடத்தைப் பிடித்துப் போ, அதைவிட்டு இறங்காதே, அதிலேயே போய்ச் சேர்வது கஷ்டம், அந்தப் பக்கம் வண்டியே போகாது. ரீட்டின் பதில்: கிட்டத்து வழி ஒன்று இருக்கும்போது எதற்குச் சுற்ற வேண்டும்?

கவனியுங்கள். ஒரு பக்கம் அந்த வழியில் இப்போதுதான் வந்த ஆள், அழுக்குச் சட்டையோடு எதிரில் உட்கார்ந்து பேசுகிறார். இன்னொரு பக்கம் அச்சடித்த புத்தகம். ரீட் புத்தகத்தை நம்பினார். படித்தவர்களுக்கே உரிய வியாதி இது.

ஜூலை 20 அன்று லிட்டில் சாண்டி ஆற்றில் தடம் பிரிகிறது. பெருங்கூட்டம் பழைய வழியில் திரும்பியது. அவர்கள் பேரெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை, ஏனென்றால் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். இவர்கள் டானரைத் தலைவராக்கிக்கொண்டு பிரிட்ஜர் கோட்டைக்குப் போனார்கள். அங்கே கடை வைத்திருந்த ஜிம் பிரிட்ஜர், வழி அருமையாக இருக்கிறது, தண்ணீர் புல்லுக்குக் குறைவே இல்லை என்றார். வேறொரு சுருக்கு வழி அவர் கடையைத் தொடாமல் போக ஆரம்பித்திருந்தது, இந்தப் புது வழியோ கடை வாசலிலேயே தொடங்குகிறது. முன்னால் போன ஒரு பத்திரிகைக்காரர், வர வேண்டாம் என்று ரீட்டுக்கு எழுதிய கடிதத்தை அங்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது தன் கைக்கு வரவே இல்லை என்று ரீட் பின்னாளில் சொன்னார். வழியைப் பற்றி விசாரிப்பதானால், அந்த வழியில் நீங்கள் போவதால் லாபம் அடையாதவரிடம் கேளுங்கள். இந்த வழிகாட்டியில் வேறெதற்கும் உத்தரவாதம் தராவிட்டாலும் இதற்குத் தருவேன்.

பிறகு கையிருப்பு கரைந்த விதம். ஹேஸ்டிங்ஸ் ஒரு புதரில் சீட்டு செருகிவைத்துவிட்டுப் போயிருந்தார்: முன்னால் வழி மோசம், எனக்கு ஆள் அனுப்புங்கள், வந்து வேறு வழி காட்டுகிறேன். ரீட் குதிரையில் துரத்திப் போய்ப் பிடித்தார். ஹேஸ்டிங்ஸ் ஒரு மலையுச்சிவரை வந்து, தூரத்தில் கை நீட்டி, அப்படிப் போங்கள் என்று காட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். இதற்கு நாலைந்து நாள். அவர் கை காட்டிய வாசாட்ச் மலையில் பாதையே இல்லை. மரம் வெட்டி, பாறை புரட்டி, புதர் அறுத்து 58 கிலோமீட்டர் போக இரண்டு வாரம். அடுத்தது உப்புப் பாலை. அங்கே ஒரு பலகையில் இன்னொரு சீட்டு, பறவை கொத்திக் கிழிந்து கிடந்தது. டாம்சென் டானர் என்ற பள்ளி ஆசிரியை முழந்தாளிட்டுத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் படித்தார்: இரண்டு பகல், இரண்டு இரவு, விடாமல் ஓட்டினால் தண்ணீர். 65 கிலோமீட்டர் என்று சொல்லியிருந்த பாலை, கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர் இருந்தது. ஐந்தாறு நாள். தாகத்தில் வெறிபிடித்து ஓடிய மாடுகள் முப்பதுக்கு மேல் திரும்பவில்லை. அவற்றைத் தேட இன்னொரு வாரம். ரீட்டின் மாடிவண்டி நின்றது இங்கேதான்.

செப்டம்பர் 26 அன்று பழைய தடத்தில் வந்து சேர்ந்தார்கள். 300 மைல் மிச்சம் என்று நம்பிப் போன வழி, பழைய வழியைவிட 125 மைல், அதாவது 200 கிலோமீட்டர் அதிகம். நாற்பது நாளில் மிஞ்சியது ஒன்றும் இல்லை.

ரீட்டின் வளர்ப்பு மகள் வர்ஜீனியா, 13 வயது, எல்லாம் முடிந்தபின் 1847 மே மாதம் ஊரிலிருந்த உறவுக்காரப் பெண்ணுக்கு எழுத்துப்பிழை மலிந்த ஒரு கடிதம் எழுதினாள். குறுக்குவழி எதிலும் போகாதீர்கள், முடிந்த அளவு சீக்கிரமாகப் போய்ச் சேருங்கள் என்று அதில் ஒரு வரி வருகிறது. ஹேஸ்டிங்ஸுக்கு ஒரு முழுப் புத்தகம் தேவைப்பட்டது.

ஆறாம் படி: கூட வருகிறவர்கள்

ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி என்பார்கள். இங்கே ஆறும் நிறைய, மலையும் நிறைய. அக்டோபர் 5 அன்று ஒரு மணல்மேட்டில் மாட்டுக் கயிறு சிக்கிக்கொண்ட தகராறில், ரீட் ஒரு வண்டியோட்டி இளைஞனைக் கத்தியால் குத்திக் கொன்றார். வண்டியின் ஏர்க்காலை நிமிர்த்தி அதிலேயே தூக்கில் போட்டுவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கடைசியில் குடும்பத்தை விட்டுவிட்டு அவர் மட்டும் வெளியேற வேண்டும் என்று தீர்ப்பு. தனியாகக் குதிரையில் போனார். சில நாளில், நடக்க முடியாத ஹார்ட்கூப் என்ற பெல்ஜியக் கிழவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ராத்திரி தீ மூட்டி வைத்தால் பார்த்து வந்துவிடுவார் என்று காத்தார்கள். வரவில்லை. தேடிப் போகக் குதிரை தர யாருக்கும் மனம் வரவில்லை.

ஆளைத் தேர்வு செய்ய ஒரு குறிப்பு: குடும்பமாக வந்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள், ஒண்டிக்கட்டை இளைஞர்கள் அதிகம் செத்தார்கள். ஆண்களில் பாதிக்கு மேல் போனார்கள், பெண்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சின்ன உடம்புக்குத் தீனி குறைவு, தோலுக்கடியில் கொழுப்பும் கொஞ்சம் கூடுதல். மரம் வெட்டியது, பாறை புரட்டியது எல்லாம் வாலிபப் பிள்ளைகள். உடம்பில் மிச்சம் வைக்காமல் வந்து சேர்ந்தார்கள். குடும்பஸ்தனுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு கை, போர்த்திவிட ஒரு கை இருந்தது.

ஏழாம் படி: பனி விழுந்துவிட்டால்

மலையடிவாரப் புல்வெளியில், இன்றைய ரீனோ நகரம் இருக்கிற இடத்தில், மாடு தேறட்டும் என்று ஐந்து நாள் இளைப்பாறினார்கள். இன்றைக்கு அங்கிருந்து சாக்ரமெண்டோவுக்குக் காரில் இரண்டரை மணி நேரம், அதில் ஒரு காப்பிக்கு நிறுத்தலாம். நவம்பர் தொடக்கத்தில் கணவாய்க்குக் கொஞ்சம் கீழேவரை ஏறி, இருட்டிவிட்டதால் படுத்தார்கள். விடிந்தபோது கணவாய் இல்லை, பனி மட்டும் இருந்தது.

இந்த நிலைமையில் உங்களுக்குச் செய்ய உள்ளவை. மாடுகளை அன்றைக்கே வெட்டிப் பனியில் புதைத்து, இடத்துக்குக் கம்பு நட்டு அடையாளம் வையுங்கள். இவர்கள் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்ட மாடுகள் பனிப்புயலில் தாமாகவே புதைந்தன, அடையாளக் கம்பு இல்லாமல். பனியை அப்படியே தின்னாதீர்கள், உடம்புச் சூடு உள்ளேயே செலவாகிவிடும், உருக்கிக் குடியுங்கள். ஈரத்துணியோடு படுக்காதீர்கள். அவர்கள் தங்கிய இடத்து ஏரியில் மீன் இருந்தது. பிடிக்கத் தெரிந்தவர்கள் இல்லை.

ஒருவன் இதை முன்பே செய்து காட்டியிருந்தான். இரண்டு வருஷம் முன்னால், 1844-இல், அதே ஏரிக்கரையில் மோசஸ் ஷாலன்பெர்கர் என்ற பதினேழு பதினெட்டு வயதுப் பையன் வண்டிகளுக்குக் காவலாக இருந்து பனியில் மாட்டினான். பொறிவைத்து நரி பிடித்துத் தின்றான். நரிக்கறி பரவாயில்லை, கயோட்டி என்கிற காட்டுநாய்க் கறி வாயில் வைக்க வழங்காது என்பது அவன் தீர்ப்பு. ராத்திரியில் புத்தகம் படித்துத் தனிமையைத் தள்ளினான். பிப்ரவரியில் ஆள் வந்து அழைத்துப் போனார்கள். அவன் இருந்த குடிசையில்தான் பிரீன் குடும்பம் குடியேறியது. ஒன்பது பேர். ஒன்பது பேரும் பிழைத்தார்கள். ராசியான வீடு.

எட்டாம் படி: சமையல்

மாடு முடிந்ததும் மாட்டுத்தோல். மயிரைப் பொசுக்கி, சுரண்டி, மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் கோந்து மாதிரி ஒரு பசை வரும். ஆறவைத்து உண்ணலாம், உண்ண முடிந்தால். எலும்பைத் திரும்பத் திரும்ப வேகவைத்தால் விரலால் நொறுங்கும். ரீட் வீட்டு நாய்க்குப் பேர் கேஷ். அதைக் கொன்று தலை, கால், தோல் எல்லாம் ஒரு வாரம் சாப்பிட்டதை வர்ஜீனியா கடிதத்தில் எழுதியிருக்கிறாள். கூரைக்குப் போர்த்திய தோலையே தின்னத் தொடங்கினால் மழைக்கு ஒதுங்க இடம் இருக்காது, இதையும் அனுபவித்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று மார்கரெட் ரீட், வாரக்கணக்கில் ஒளித்துவைத்திருந்த கையளவு மொச்சை, கொஞ்சம் குடல், ஒரு துண்டு உப்புக்கண்டம் எடுத்துக் குழம்பு வைத்தார். மெதுவாகச் சாப்பிடுங்கள், இன்றைக்கு வயிறு நிறைய உண்டு என்றாராம் பிள்ளைகளிடம். இந்த ஒரு சமையல் குறிப்பைத்தான் நான் மனசாரச் சிபாரிசு செய்வேன்.

டிசம்பர் 16 அன்று, நுகத்தின் வளைமரத்தைப் பிளந்து தோல்வார் பின்னிய பனிச்செருப்பு போட்டுக்கொண்டு 17 பேர் மலை தாண்டக் கிளம்பினார்கள். இருவர் திரும்பினர். பதினைந்து பேருக்கு ஆறு நாள் சாப்பாடு. நடந்தது 33 நாள். எட்டு ஆண்கள் செத்தார்கள், இரண்டு ஆண்களும் ஐந்து பெண்களும் வெளியே வந்தார்கள். நடுவில் என்ன சாப்பிட்டார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்கிறோம். அங்கே பதினொன்றாவது ஒன்று பறக்காமல் நின்றது: தன் சொந்தத்தைத் தான் தின்ன வேண்டாம் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தார்கள்.

அந்தப் பதினைந்து பேரில் லூயிஸ், சால்வடார் என்று இரண்டு மிவாக் பழங்குடி இளைஞர்கள். சாக்ரமெண்டோவிலிருந்து கோவேறு கழுதைகளில் உணவு சுமந்து இவர்களைக் காப்பாற்ற மலை ஏறி வந்தவர்கள். மனிதக்கறி தொட மறுத்தார்கள். தங்களைக் கொல்லப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்ததும் ஓடிப்போனார்கள். சில நாள் கழித்துக் குற்றுயிராகக் கிடந்தவர்களைப் பின்னால் வந்தவர்கள் கண்டு சுட்டார்கள், தின்றார்கள். மிச்சமிருந்தவர்களுக்குக் கொஞ்ச நாளில் ஒரு மிவாக் கிராமம் தட்டுப்பட்டது. அங்கே ஓக் கொட்டை மாவில் சுட்ட ரொட்டி கொடுத்து, கைத்தாங்கலாகக் கொண்டுபோய் ஊர் சேர்த்தார்கள். ஏரிக்கரையிலும், பாரம் சுமந்து தனியாகப் போன ஒரு பழங்குடி மனிதர் பாட்ரிக் பிரீனுக்கு வெங்காயம் மாதிரி ஐந்தாறு கிழங்கு கொடுத்துவிட்டுப் போனதை பிரீன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார், சர்க்கரைவள்ளி மாதிரி ருசி, நார் அதிகம் என்று. வண்டி நிறையத் துப்பாக்கி கொண்டுபோனது இவர்களுக்குப் பயந்துதான்.

ஒன்பதாம் படி: மீட்பு

முதல் மீட்புக்குழு 1847 பிப்ரவரி 18 அன்று ஏரிக்கு வந்தது, ஏழு பேர். எல்லாரையும் அழைத்துப் போக முடியவில்லை. ரீட்டின் எட்டு வயது மகள் பாட்டியால் நடக்க முடியவில்லை, தம்பியோடு அவளைத் திருப்பி அனுப்பினார்கள். சரி அம்மா, இனி என்னைப் பார்க்காவிட்டால் உன்னால் முடிந்ததைச் செய் என்று சொல்லிவிட்டுப் போனாள். இதற்கு மேல் நகைச்சுவை எழுத என்னால் ஆகவில்லை, அடுத்த வரிக்குப் போகிறேன்.

மார்ச் 1 அன்று இரண்டாம் குழு வந்தது. தலைமை தாங்கி வந்தவர் ஜேம்ஸ் ரீட், கொலைக்குற்றத்துக்காகத் துரத்தப்பட்ட அதே மனிதர். பாட்டி குடிசைக் கூரைமேல் உட்கார்ந்திருந்தாள். அவரை அன்றைக்குத் துரத்தாமல் இருந்திருந்தால் அவரும் உள்ளே மாட்டியிருப்பார். ரீட் குடும்பத்தில் ஆறு பேரும் பிழைத்தார்கள்.

கடைசியாக ஏப்ரலில் வெளியே வந்தவர் லூயிஸ் கெஸ்பர்க். கிழவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டவர். கொலைகாரன் என்று ஊர் பேசியதற்கு மானநஷ்ட வழக்குப் போட்டார், ஜெயித்தார். நஷ்டஈடு ஒரு டாலர்.

இன்றைக்கு அந்த ஏரிக்கும் கணவாய்க்கும் டானர் பேர்தான். நினைவுச்சிலையின் பீடம் 22 அடி, அந்த வருஷத்துப் பனியின் உயரம் அது என்பார்கள். ஜார்ஜ் டானர் குடும்பம் பட்டினி கிடந்த ஆல்டர் ஓடைக்கரையில் வனத்துறை மேசையும் பெஞ்சும் போட்டுச் சுற்றுலா வருவோர் சாப்பிடும் இடமாக வைத்திருக்கிறது. சாப்பாடு நீங்களே கொண்டுபோக வேண்டும்.

ஹேஸ்டிங்ஸ் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்கத்தியர்களைப் பிரேசிலில் குடியேற்றக் கிளம்பினார். 1867-இல் பிரேசிலுக்குப் போவோருக்கு என்று இன்னொரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார். 1870-இல், அந்தக் குடியேற்ற வேலையாகப் போய்க்கொண்டிருக்கும்போது, வழியில் செத்துப்போனார்.